பதினொரு நாள்

எங்கள் அத்தை வீட்டில் வருசத்துக்கு ஒருநாள், டிசம்பர் 9 அன்று, வாசல் திண்ணையில் ஓர் அகல் விளக்கு எரியும். பக்கத்தில் படம் இருக்காது. மாலை, படையல் எதுவும் இருக்காது. கார்த்திகைக்கு ஏற்றிய விளக்கின் மிச்சம் என்று தெருவில் நினைத்துக்கொள்வார்கள். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்தேன். கல்லூரியில் சேர்ந்த வருசம் ஒருநாள் கேட்டேன். "கப்பல்ல செத்தவுகளுக்கு" என்றார். அதற்கு மேல் அன்று பேசவில்லை.

வருசநாட்டில் நின்றுகொண்டு கப்பல் என்ற சொல்லைக் கேட்பதே எனக்கு விசித்திரமாக இருந்தது. மூன்று பக்கமும் மலை. வைகை இங்கேதான் பிறக்கிறது. பிறந்து, மதுரையைத் தாண்டி, ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் அடங்கிவிடும். வெள்ளம் வந்தால் ஒழிய அது கடலைத் தொடுவதில்லை. எங்கள் ஊர்ப் பெண்களில் கடலையே பார்க்காமல் செத்துப்போனவர்கள் நிறையப் பேர். இலவங்காய் உடைப்பது, முந்திரி பொறுக்குவது, மொச்சை பறிப்பது, மேற்கே மலையில் மழை இறங்குகிறதா என்று பார்ப்பது, இதுதான் வாழ்க்கை. அத்தைக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், மாமா கடற்படையில் சேராமல் இருந்திருந்தால்.

மாமா மதுரையில் நடந்த ஆள் எடுப்பில் தேர்வாகிப் போனவர். பட்டாளத்துக்குப் போவது எங்கள் பக்கம் புதிதல்ல. ஆனால் கடற்படை என்றால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அதுவரை அவர் பார்த்த பெரிய தண்ணீர் வைகை அணைதான். கப்பலின் அடித்தட்டில், எஞ்சின் அறையில் வேலை. 1970 வைகாசியில் கல்யாணம். கல்யாணத்துக்கு எடுத்த விடுப்பு முடிந்து போனவர் அடுத்த வருசம் ஒருதடவைதான் வந்துபோனார். அத்தைக்கு அப்போது 19 வயது. எழுதப் படிக்கத் தமிழ் தெரியும், ஆங்கிலம் தெரியாது. பம்பாய் ஃப்ளீட் மெயில் ஆபீஸ் என்று ஆங்கிலத்தில் முகவரி எழுதிய கவர்கள் ஒரு கட்டு மாமாவே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அத்தை உள்ளே கடிதத்தை வைத்து ஒட்டிப் போடுவார். கடிதம் எந்தத் துறைமுகத்தில் அவர் கையில் சேரும் என்பது எழுதுகிறவருக்குத் தெரியாது.

1971 டிசம்பர் 3 அன்று போர் தொடங்கியது. அதற்கு முன் வந்த கடைசிக் கடிதத்தில் மாமா ஒரு வரி எழுதியிருந்தார்: என்னை வேறு கப்பலுக்கு மாற்றியிருக்கிறார்கள், பழைய கவரில் எழுதாதே, புது விலாசம் அனுப்புகிறேன். புது விலாசம் வரவில்லை.

கார்த்திகை மாதக் கடைசியில் அந்தச் செய்தி ஊருக்கு வந்தது. பஞ்சாயத்து ரேடியோவில் கேட்ட யாரோ ஒருவர் டீக்கடையில் சொல்ல, அங்கிருந்து தெருவுக்கு வந்தது: நம்ம கப்பல் ஒன்று மேற்குக் கடலில் முங்கிவிட்டது. கப்பலின் பேரைக் கேட்டவருக்கு அது வாயில் நுழையவில்லை. "என்னமோ இந்திப் பேரு" என்றாராம்.

அன்றிலிருந்து பதினொரு நாள். அத்தை இந்த நாட்களைப் பற்றிச் சொன்னது ஒரே மூச்சில் அல்ல. 20 வருசத்தில், துண்டு துண்டாக, புளி ஆயும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, ஒருமுறை ஆஸ்பத்திரி வராண்டாவில். நான்தான் அடுக்கி வைத்திருக்கிறேன்.

முதல்நாள் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் பூக்காரம்மா வாசலில் நிற்காமல் போய்விட்டார். "மறந்துட்டாகன்னு நெனச்சேன். மறுநாளும் நிக்கல. அப்பத்தான் வெளங்குச்சு." இரண்டாம் நாள் அவருடைய அம்மா கடமலைக்குண்டிலிருந்து வந்து சேர்ந்தார். வந்தவர் மகளைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுத பிறகுதான், இன்னும் எதுவும் உறுதியாகவில்லை என்பது அவருக்கே ஞாபகம் வந்தது. மூன்றாம் நாள் திண்ணையில் பெரியவர்கள் கூடினார்கள். அவர்கள் முன்னால் இருந்தது நடைமுறைச் சிக்கல். உடம்பு வராது. உடம்பு வராத சாவுக்கு எந்த நாளைக் கணக்கு வைப்பது, கருமாதி எப்போது, தாலியை எப்போது இறக்குவது? தந்தி வரட்டும் என்றார் ஒருவர். சண்டை நேரத்தில் தந்தி எங்கே வரும் என்றார் இன்னொருவர். போட்டோவை வைத்துச் செய்யலாமா என்றும் பேச்சு வந்தது. அத்தை உள்ளே உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்தது.

"என்னைய ஒருத்தரும் கேக்கல. நான் உள்ளதான் இருக்கேன். ஒனக்கு என்ன தோணுதுன்னு ஒரு வார்த்தை? ம்ஹும்."

அப்போதுதான் மாமனார் மெதுவாக அந்தப் பேச்சை எடுத்தார். சின்னவன் இருக்கிறான். கொஞ்சநாள் போகட்டும். பிள்ளை இங்கேயே இருக்கலாம், வெளியே அனுப்ப வேண்டாம். சர்க்கார் பணம் ஏதாவது வந்தாலும் வீட்டோடு இருக்கும்.

எங்கள் பக்கம் அண்ணி தாய்க்குச் சமம் என்று சொல்லிச் சொல்லித்தான் பையன்களை வளர்ப்பார்கள். அந்தச் சின்னவருக்கு அப்போது 17 வயது. ஒரு வருசமாக அண்ணி கையால் சோறு தின்றவர். இந்தப் பேச்சு காதில் விழுந்த அன்று இரவே தோட்டத்துக்குப் போய்விட்டார். காவலுக்கு ஆள் இருக்கும்போதே அங்கேயே படுத்துக்கொண்டார். சோறு கொண்டுபோனாலும் முகத்தைப் பார்க்க மாட்டாராம். அத்தைக்கு அவர்மேல் இன்றுவரை ஒரு வாஞ்சை உண்டு. "அந்தப் பய மட்டுந்தான் வெக்கப்பட்டான்" என்பார்.

மார்கழி பிறந்தது. விடியற்காலை சாணி கரைக்கப் போன அத்தையை மாமியார் தடுத்தார். "வேணாம்த்தா, இந்த வருசம் கோலம் வேணாம்." அதட்டிச் சொல்லவில்லை, அழுதுகொண்டுதான் சொன்னார். அத்தை கேட்கவில்லை. வாசல் தெளித்து, கோலம் போட்டு, சாணி உருண்டையில் பூசணிப்பூ வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். தெரு முழுக்க அதைப் பேசியது. கல்நெஞ்சுக்காரி என்றார்கள். கிட்டத்தட்ட அதே நாளில்தான் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்து, நாம் ஜெயித்துவிட்டோம் என்று ரேடியோ சொன்னது. கடைத்தெருவில் வெடி போட்டார்கள். அத்தை வீட்டுப் பக்கம் மட்டும் வெடிக்கவில்லை. மரியாதை.

பதினோராம் நாள் தபால் வந்தது. மாமாவின் கையெழுத்து. நலம். விலாசம் கீழே. கடிதத்தில் அதற்குமேல் ஒன்றும் இல்லை. பூக்காரம்மா மறுநாள் இரண்டு முழம் இனாமாகக் கொடுத்தார். அத்தை வாங்கவில்லை. அதற்குப் பிறகு அந்த அம்மாவிடம் பூ வாங்கியதே இல்லை.

மூழ்கிய கப்பலின் பெயர் ஐ.என்.எஸ். குக்ரி. 1971 டிசம்பர் 9 இரவு 9 மணிக்குச் சற்று முன், டையூவிலிருந்து சுமார் 40 கடல் மைல் தொலைவில், பாகிஸ்தானின் ஹாங்கோர் என்ற நீர்மூழ்கிக் கப்பல் டார்பிடோவால் தாக்கியது. அந்தப் பகுதியில் ஒரு நீர்மூழ்கி நடமாடுவது தெரிந்து, அதைத் தேடி அழிக்கத்தான் குக்ரியை அனுப்பியிருந்தார்கள். ஒலியால் துழாவும் சோனார் கருவியில் புதிதாக ஒரு மேம்பாடு செய்து சோதித்துக்கொண்டிருந்தார்கள். அது சரியாகக் கேட்க வேண்டும் என்று கப்பல் வேகத்தைக் குறைத்துப் போய்க்கொண்டிருந்தது. குறைந்த வேகத்தில் போகும் கப்பல் நீர்மூழ்கிக்கு எளிய இலக்கு. தாக்கப்பட்டுச் சில நிமிடங்களில் மூழ்கிவிட்டது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள், மொத்தம் 194 பேர் இறந்தார்கள். 67 பேர் தப்பித்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்ட முதல் போர்க்கப்பல் அது. சுதந்திர இந்தியா போரில் இழந்த ஒரே போர்க்கப்பலும் அதுதான்.

கப்பலின் தலைவர் கேப்டன் மகேந்திர நாத் முல்லா. தன்னுடைய உயிர்காப்புச் சட்டையை ஒரு மாலுமிக்குக் கொடுத்துவிட்டு, முடிந்தவரை ஆட்களை வெளியேற்றிவிட்டு, தான் இறங்காமல் கப்பலோடு மூழ்கினார் என்று தப்பித்தவர்கள் சொன்னார்கள். மறைவுக்குப் பின் அவருக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. வீட்டில் மனைவி சுதா, இரண்டு மகள்கள்.

கடற்படை நாள் டிசம்பர் 4. கராச்சித் துறைமுகத்தைத் தாக்கிய வெற்றியின் நினைவு. ஐந்து நாள் தள்ளி வரும் 9ஆம் தேதி நாட்காட்டியில் சாதாரண நாள்தான். அத்தைக்கு அந்தத் தேதியைச் சொன்னது மாமா. சேவை முடித்து ஊருக்கு வந்தபிறகு, எப்போதோ ஒருமுறை கேட்டதற்குத் தேதியையும் கப்பல் பேரையும் மட்டும் சொன்னாராம். அடுத்த டிசம்பரிலிருந்து விளக்கு. அன்றைக்கு மாமா வீட்டில் தங்க மாட்டார். தோட்டத்துக்குப் போய்விட்டு விளக்கு நின்றபிறகுதான் வருவார். எஞ்சின் அறை தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கும், மேலே வர இரும்பு ஏணி மட்டுந்தான் என்று ஒருதடவை என்னிடம் சொல்லியிருக்கிறார், கிணற்றில் மோட்டார் மாட்ட இறங்கியபோது. அவர் சாகும்வரை கடலைப் பற்றி என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

2019 டிசம்பரில் ஒரு கருத்தரங்குக்காக ராஜ்கோட் போனேன். அங்கிருந்து டையூ போகலாம் என்று தெரிந்ததும் அத்தைக்குப் போன் செய்தேன். "போறதுன்னா எண்ணெய் எடுத்துட்டுப் போ" என்றார். வருசநாட்டிலிருந்து எண்ணெய் கொண்டுபோக நேரமில்லை. ராஜ்கோட்டில் ஒரு மளிகைக் கடையில் நல்லெண்ணெய் கேட்டு, கையால் எள்ளைப் பொடிப்பதுபோல் காட்டி, ஒருவழியாக வாங்கினேன்.

நினைவிடம் கடலைப் பார்த்த ஒரு சிறு மேட்டில் இருக்கிறது. கண்ணாடி அறைக்குள் குக்ரியின் மாதிரி. 1999 டிசம்பரில் திறந்தது. அதாவது கப்பல் மூழ்கி 28 வருசம் கழித்து. சுற்றுலா வந்த குடும்பங்கள் கண்ணாடியில் முகம் விழாமல் படமெடுக்கப் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தார்கள். கீழே அலை பாறையில் அடித்தது. நான் ஓர் ஓரமாக உட்கார்ந்து, பையிலிருந்து அகலை எடுத்துத் திரி போட்டேன். மூன்று தடவை ஏற்றினேன். மூன்று தடவையும் காற்று அணைத்துவிட்டது. நாலாவது தடவை குச்சியைக் கிழிக்கும்போது காவலாளி வந்து கையை ஆட்டினார். நான் எழுந்துவிட்டேன்.

கப்பலின் மாதிரி அழகாக இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். சாம்பல் நிறம், சின்னச் சின்னக் கம்பிகள். அதில் எஞ்சின் அறை எங்கே இருக்கும் என்று தேடினேன். அது மாதிரியில் தெரியாத இடத்தில் இருக்கிறது.

ஊருக்கு வந்து சொன்னபோது, "கடக்கரையில வெளக்கு அமராம என்ன செய்யும்" என்றார் அத்தை. பிறகு கேப்டனைப் பற்றிக் கேட்டார். அந்தக் கதை அவருக்குத் தெரியாது, மாமா சொன்னதில்லை. நான் படித்ததையெல்லாம் சொன்னேன். உயிர்காப்புச் சட்டையைக் கொடுத்ததைக் கேட்டதும் அவர் கண் கலங்கியது. இறங்க மறுத்ததைச் சொன்னேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார்.

"சட்டையக் கழட்டிக் குடுத்தாகள்ல, அதுக்குக் கும்பிடலாம்த்தா. கூடயே முங்குனதுக்கு எதுக்குக் கும்பிடணும்?"

எனக்குத் திடுக்கென்றது. அத்தை, அது கப்பல் தலைவனின் தர்மம், கீழே நூற்றுக்கணக்கானவர்கள் மாட்டிக்கொண்டிருக்கும்போது தான் மட்டும் எப்படி இறங்குவது என்று வாதாடினேன். "சரித்தா. அவுக நல்ல மனுசன். நான் அவுகளச் சொல்லல" என்றார். யாரைச் சொல்கிறார் என்று சொல்லவில்லை.

நான் தமிழாசிரியர். அத்தையின் கேள்வி எனக்கு வகுப்பறையில்தான் திரும்ப வந்தது. நடுகல் பாடம் நடத்தும்போது நான் எப்போதும் கொஞ்சம் பெருமையோடு சொல்வது ஒன்று உண்டு: இந்தியாவின் மிகப் பழைய எழுத்துள்ள நடுகற்களில் சில நம் மாவட்டத்தில்தான் கிடைத்தன. ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில், வைகைக் கரையில், 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டெடுத்தார்கள். தமிழி எழுத்து. 2000 ஆண்டுகளுக்கும் மேல் பழையவை. ஒரு கல்லில் கூடலூர் ஆகோளில் இறந்த தீயன் அந்தவன் என்பவனின் பெயர் இருக்கிறது. ஆகோள் என்றால் மாடு பிடிக்கும் பூசல். மாட்டுக்காகச் செத்த ஒருவன் பெயரைக் கல்லில் வெட்டி ஆற்றங்கரையில் நட்டிருக்கிறார்கள், நாம் இன்று அதை வாசிக்கிறோம். மாணவிகளுக்கு இது பிடிக்கும். கூடலூருக்கு பஸ் ஏறிப் போகிறவர்கள் அவர்கள். இன்றைய கூடலூர்தானா அது என்று ஒருத்தியாவது கேட்பாள்.

அந்த வருசம் ஒரு மாணவி வேறு கேள்வி கேட்டாள். "பொம்பளைக்குக் கல்லு உண்டா மிஸ்?"

உண்டு. சதிக்கல். கணவனோடு தீயில் இறங்கியவளுக்கு நடுவது. வளையல் அணிந்த ஒரு கை உயர்ந்திருக்கும், சிலவற்றில் அந்தக் கையில் எலுமிச்சம்பழம் இருக்கும். வளையல் உடையாத கை, ஆகவே சுமங்கலி. கைம்பெண்ணாக வாழ மறுத்துத் தீயில் இறங்கிய பெருங்கோப்பெண்டின் பாட்டு புறநானூற்றில் 246ஆவது. நாம் அதை மனப்பாடப் பகுதிபோல் ரசித்துச் சொல்லிக்கொடுக்கிறோம். அந்தப் பாட்டிலேயே கைம்பெண் என்ன தின்றாள், எதில் படுத்தாள் என்ற விவரம் இருக்கிறது. தின்று, படுத்து, மறுநாள் எழுந்தவளுக்குக் கல் நட்டதாக நான் படித்ததில்லை. இதைச் சொல்லும்போதுதான் அத்தை யாரைச் சொன்னார் என்று எனக்குப் பிடிபட்டது. கேப்டன் முல்லா ஏன் இறங்கவில்லை என்பது அவருக்கும் கடலுக்கும் இடையில் உள்ளது, அதில் நான் தலையிட முடியாது. ஆனால் கூடவே போவதைக் கும்பிடும் ஊர், கூடப் போகாமல் மார்கழிக் கோலம் போட்டவளைக் கல்நெஞ்சுக்காரி என்கிறது. இரண்டு கும்பிடும் ஒரே கையிலிருந்துதான் வருகிறது என்று அத்தைக்குப் பட்டிருக்கிறது.

அரசாங்கத்தின் கும்பிடு எப்படி என்று பார்க்கலாம். வீரதீர விருது பெற்ற படைவீரருக்கு மாதம் ஒரு தொகை உண்டு. அவர் இறந்தால் மனைவிக்கு. மனைவி மறுமணம் செய்தால் தொகை நின்றுவிடும். ஆனால் ஒரு விலக்கு: இறந்தவரின் சகோதரனை மணந்துகொண்டால் நிற்காது. இது யாரோ கிராமத்துப் பெரியவர் திண்ணையில் சொன்னதில்லை, பாதுகாப்பு அமைச்சகத்தின் ஆணையில் இருந்தது. 2017 நவம்பரில்தான் அந்த நிபந்தனையை நீக்கினார்கள். அந்தச் செய்தியை அப்போது அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். கொழுந்தனைக் கட்டினால் பணம் நிற்காது என்ற இடம் வந்ததும் என்னை நிறுத்தி, திரும்ப வாசிக்கச் சொன்னார். பிறகு சிரித்தார், இருமல் வரும்வரை சிரித்தார்.

"அப்ப டில்லியிலயும் எங்க மாமனார் கணக்கா ஒருத்தரு இருந்திருக்காரு!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஆணையை எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். அத்தையின் மாமனாருக்கும் இல்லை. வீரனுக்குக் கொடுக்கும் மரியாதை அவன் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று இருவரும் நினைத்திருக்கிறார்கள். அந்த மரியாதையைத் தூக்கிச் சுமக்க ஒருத்தி வேண்டும். அவள் வாசலைத் தாண்டினால் சுமை கீழே விழுந்துவிடும்.

தில்லியில் 2019 பிப்ரவரியில் தேசியப் போர் நினைவுச் சின்னம் திறந்தார்கள். சுதந்திரத்துக்குப் பின் பணியில் இறந்த 25,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் வட்டம் வட்டமாகக் கிரானைட் கல்லில் இருக்கின்றன. பெரிய அதிகாரி, சாதாரண மாலுமி என்று கல்லின் அளவில் வித்தியாசம் கிடையாது. அது எனக்குப் பிடித்திருந்தது. வெகுகாலம் குக்ரி என்றால் ஒரு பெயர்தான் தெரியும், மற்ற 193 பேர் ஓர் எண்ணாகத்தான் இருந்தார்கள். எஞ்சின் அறையில் இருந்தவனுக்கும் இப்போது ஒரு செங்கல் அளவு கல் இருக்கிறது.

இனி, விளக்கு. அது நன்றிக்கு ஏற்றும் விளக்கு என்றே நான் நம்பியிருந்தேன். தன் கணவர் தப்பித்தார், தப்பிக்காதவர்களுக்கு ஒரு மரியாதை. மாமா இறந்த பிறகு வந்த முதல் டிசம்பரில்தான் அது இல்லை என்று தெரிந்தது. திண்ணையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். நானாக எதுவும் கேட்கவில்லை.

"அந்தப் பதினோரு நாளும் நான் என்ன வேண்டுனேன் தெரியுமாத்தா? அவுகளக் காப்பாத்துன்னு வேண்டல. கப்பல் முங்கிருச்சு, அது தெரிஞ்சுபோச்சு. இனிமே காப்பாத்துறதுக்கு என்ன இருக்கு? அந்தக் கப்பல்ல வேற ஆளு இருக்கட்டும்னு வேண்டுனேன். வேற எவ புருசனாச்சும் இருக்கட்டும். கௌமாரி தாயே, எம் புருசன் வேணாம், வேற எவளோடதாச்சும்னு."

வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டபடியே 1972 சித்திரைத் திருவிழாவில் தீச்சட்டி எடுத்திருக்கிறார். மாமா விடுப்பில் வந்து கூடவே நடந்தார். கூட்டம் ஆத்தா ஆத்தா என்று கத்த, சட்டியின் அனல் முகத்தில் அடிக்க, பாதி வழியில் ஒரு நினைப்பு வந்ததாம்: நான் கேட்டதைத்தானே அம்மன் கொடுத்தது? அப்படியென்றால் எங்கோ ஒருத்திக்கு நான் கேட்டதால்தானே?

"கோயிலுக்குப் போறதுக்குள்ள கீழ போட்டுறலாமான்னு இருந்துச்சு. சட்டிய இல்ல, என்னைய."

அப்படியெல்லாம் இல்லை அத்தை, நீ வேண்டுவதற்கு நாலு நாள் முன்னாலேயே கப்பல் மூழ்கிவிட்டது, தேதியைப் பார் என்று நான் கணக்குச் சொன்னேன். ஆசிரியர் புத்தி. அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அந்தக் கணக்கு அவருக்குத் தெரியாதா?

மாமாவுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். சொன்னதில்லை என்றார். "அவுகளுக்கும் ஒண்ணு இருந்திருக்கும்ல. கூட வேல பாத்தவுக அத்தன பேரும் போயிட்டாக, நாம உக்காந்து சோறு திங்கிறோம்னு. அதான் அன்னிக்கு வீட்ல இருக்க மாட்டாக. நான் இங்கிட்டு, அவுக அங்கிட்டு." முப்பது வருசத்துக்கு மேல் ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒரே தேதியைத் தனித்தனியாக அனுசரித்திருக்கிறார்கள்.

அந்தப் போரிலேயே விசாகப்பட்டினம் அருகே பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி மூழ்கியது, அதிலிருந்த 93 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை என்பதை நான் ஒருமுறை சொன்னேன். அதற்கும் சேர்த்து என்று தனியாக விளக்கு எதுவும் அவர் ஏற்றவில்லை. அன்று கொஞ்சம் எண்ணெய் கூட ஊற்றினார், அவ்வளவுதான்.

போன டிசம்பரிலும் போயிருந்தேன். அத்தைக்கு இப்போது 70 தாண்டிவிட்டது, கை நடுங்குகிறது. திரியை நான்தான் திரித்தேன். மலைப்பக்கம் மேகம் இறங்கியிருந்தது. ஏற்றுவதற்கு முன்னால், வருசா வருசம் கேட்பதையே கேட்டார்.

"எத்தன பேருன்ன?"

"நூத்தித் தொண்ணூத்தி நாலு."

"அம்புட்டும் ஆம்பளைகதான?"

"ஆமா."

"எத்தன பேருக்குக் கல்யாணம் ஆயிருந்துச்சு?"

அதை எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. அப்படியே சொன்னேன். அவர் விரலை மடக்கிக் கொஞ்சநேரம் எதையோ எண்ணினார், எண்ணி முடிக்கவில்லை. தீப்பெட்டியை என்னிடமிருந்து வாங்கி, முந்தானையை ஒரு கையால் காற்றுக்கு அணைப்பாகப் பிடித்துக்கொண்டு, தானே ஏற்றினார்.

"அந்தக் கதவச் சாத்துத்தா, காத்து வருது."